பேப்பரை அறுத்துக் காட்டாதீர்கள்

நீங்கள் இரண்டு பேரும் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். புது பெல்ட் கிரைண்டரில் தீட்டிய கத்தி, ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இரண்டாக்குகிறது. பின்னால் யாரோ கை தட்டுகிறார்கள். கீழே ஒரு கேள்வி: "அக்கா, இனிமே கல்லையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?"

அப்போதே பதில் போட்டிருந்தால் நீங்கள் என் எண்ணை அழித்திருப்பீர்கள். அதனால் இரண்டு நாள் பொறுத்து எழுதுகிறேன். கோபம் குறையவில்லை, எழுத்துதான் கொஞ்சம் ஒழுங்காக வருகிறது.

அனுபவம் சொல்கிறேன் என்று எழுதுகிறவர்கள் பொதுவாக மாலை போட்டு ஓய்வுக்கு வழியனுப்பப்பட்டவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் கோழி ஆலையில் நீங்கள் இன்று நிற்கிற அந்தக் கத்தி அறையில் ஐந்து வருடம் நின்றிருக்கிறேன். ஒருத்தி அங்கே செய்யக்கூடியதிலேயே பெரிய தவறை இரண்டாம் வருடத்திலேயே செய்து முடித்துவிட்டேன். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

நான் சேர்ந்தபோது அந்த அறையில் கிரைண்டர் கிடையாது. கோழி ஆலையில் மற்ற எல்லாம் மிஷின். கோழி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வரும், இறகு பறிப்பது மிஷின், குளிர்விப்பது மிஷின். எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கிற போன்லெஸ் லைனில் மட்டும் பெண்கள் வரிசையாக நின்று கையால் அறுப்பார்கள். அவர்களுடைய கத்திகள் நூற்றுச் சொச்சம். அவற்றை மாரியப்பன் அண்ணனும் இன்னொருவரும் கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுவார்கள். காலை முழுக்க அதுதான் வேலை.

நான் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். கைத்தறியா விசைத்தறியா என்ற சண்டையைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டு வளர்ந்தவள். கையால் செய்வதைப் புனிதம் என்று பேசுகிற யாரும் எட்டு மணி நேரம் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்ததில்லை என்பது அப்போதும் என் கருத்து, இப்போதும் அதே கருத்துதான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே போனேன். முதல் வாரமே எனக்குப் பொறுக்கவில்லை.

மிஷின் வேண்டும் என்று நான் துடித்ததற்கு வேகம் மட்டும் காரணமில்லை. இதைச் சொல்லாவிட்டால் கதை வேறு மாதிரி ஆகிவிடும். மாரியப்பன் அண்ணன் நன்றாகத் தீட்டுவார், எல்லாருக்கும் இல்லை. அவருக்கு வேண்டியவர்களின் கத்தி தனியாகத் தெரியும். அவருடைய ஊர்க்காரர்கள், வெற்றிலை கொண்டுவந்து தருகிறவர்கள், எதிர்த்துப் பேசாதவர்கள். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குக் கல்லில் நாலு தேய்ப்பு, அவ்வளவுதான். கேட்டால், "கையி பழகட்டும், அப்புறம் கத்தி தானா வெட்டும்" என்பார். மொட்டைக் கத்தியைக் கொடுத்துவிட்டுக் கையைக் குறை சொல்வது. நான் வருவதற்கு முன்பே அந்த அறையில் இருந்த பழக்கம் இது. அதை ஒழிக்கத்தான் நான் மிஷின் கேட்டேன். கடைசியில் அதையே நானும் செய்தேன்.

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். பெஞ்ச் கிரைண்டர் ஒன்று வந்தது, ஒரு பக்கம் சாணைச் சக்கரம், மறுபக்கம் பாலிஷ் போடும் துணிச் சக்கரம். காலை முழுக்க நடந்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எல்லாக் கத்தியும் ஒரே மாதிரி. யாருக்கும் தயவு இல்லை, யாருக்கும் வஞ்சனை இல்லை. இந்த மாதத்தின் சிறந்த யோசனை என்று என் போட்டோவை கேன்டீன் வாசலில் ஒட்டினார்கள். மாரியப்பன் அண்ணனைக் கூடை கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி தனலட்சுமி அக்கா. பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து காலை வேனில் வருபவர். போன்லெஸ் லைனில் கோழித் தொடை அறுப்பவர். கிரைண்டர் வந்து பத்து நாள் இருக்கும், டீ இடைவேளையில் கத்தி அறை ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, கத்தி பத்துத் தொடைக்கு மேல நிக்க மாட்டேங்குதுங்களே. காத்தால கைல வாங்கறப்ப பளபளன்னு இருக்குது. கொஞ்ச நேரத்துல கட்டையில அறுக்கறாப்புல இருக்குது."

எனக்கு அது குறையாகக் கேட்கவில்லை, அவமானமாகக் கேட்டது. பின்னால் நாலைந்து பெண்கள் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஒரு கத்தியை எடுத்தேன், ஒரு பேப்பரைப் பிடித்தேன், ஒரே இழுப்பு. நீங்கள் வீடியோவில் செய்தீர்களே, அச்சு அசல் அதே.

"பாருங்கக்கா. இதுக்கு மேல என்ன கூர்மை வேணும்?"

அவர் அந்தப் பேப்பரைப் பார்த்தார். "நானு பேப்பருங்களா அறுக்கறேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க எனக்குப் படிப்பு மட்டும்தான் இருந்தது, பக்குவம் இல்லை. சொன்னேன்: "கத்தியில ஒண்ணும் இல்லக்கா. உங்களுக்கு ஸ்டீல்ல தேய்க்கத் தெரியல. கோணம் மாத்திப் பிடிச்சுத் தேய்க்கறீங்க, அதான் மழுங்குது."

ஸ்டீல் என்றால் லைனில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் தொங்குகிற உருட்டுக் கம்பி. நடுநடுவே கத்தியை அதில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துக்கொள்வார்கள். தனலட்சுமி அக்கா ஒன்பது வருடமாக அந்தக் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தவர். நான் டிப்ளமோ வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். "அப்படீங்களா, செரி" என்று போய்விட்டார். மறுநாளிலிருந்து கேட்க வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இப்போது உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, அதுதான் எரிச்சல். இரண்டாம் வருடப் பாடத்தில் படித்தேன், பரீட்சையில் படம் போட்டு எழுதினேன். கடினமாக்கிய எஃகைச் சூடாக்கினால் அதன் மேல் நிறம் ஏறும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். கத்தியின் விளிம்பில் நீலம் தெரிந்தால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். வேகமாகச் சுற்றுகிற உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய விளிம்பை அழுத்தினால் ஒரு நொடியில் நீலம் ஏறும். முனை இன்னும் சீக்கிரம் எரியும். கூடவே விளிம்பில் மெல்லிய பிசிறு ஒன்று நிற்கும். பேப்பரை அறுப்பது அந்தப் பிசிறுதான். எலும்பில் நாலு தடவை பட்டதும் அது மடங்கிவிடும். அதற்கு அடியில் இருப்பது வெந்துபோன இரும்பு.

நீலத்தை நான் பார்த்தேன். முதல் வாரமே பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? தர ஆய்வுப் பிரிவிலிருந்து, கத்தி முனையில் கறை இருக்கிறது, துருவாக இருக்கலாம் என்று நாலு கத்திகளைத் திருப்பி அனுப்பினார்கள். நான் துணிச் சக்கரத்தில் கொடுத்துக் கறையை எடுத்தேன். பளிச்சென்று ஆனது. அவர்களுக்குத் திருப்தி. அன்றிலிருந்து ஒவ்வொரு கத்தியையும் சாணையில் எரிப்பேன், துணியில் மறைப்பேன். தடயத்தை அழிக்கிறோம் என்றே தோன்றவில்லை. சுத்தம் செய்கிறோம் என்று தோன்றியது. நிதானமாக, ஒவ்வொரு தேய்ப்புக்கும் தண்ணீரில் முக்கி முக்கிச் செய்திருந்தால் எரிந்திருக்காது. ஆனால் ஒன்றரை மணி நேரம் என்று என் போட்டோவுக்குக் கீழே எழுதி ஒட்டியிருந்தார்களே.

மூன்று மாதம் போனது. லைனில் வேகம் குறைகிறது என்று மேனேஜர் கத்தினார். தொடைகள் தேங்கின. மெதுவாக வேலை செய்வது கவனக்குறைவு என்று சிலருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். தனலட்சுமி அக்காவுக்கு இரண்டு. மூன்றாவது வந்தால் ஆளை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம்.

ஒரு காலை, முதல் டீக்குக் கொஞ்சம் முன்னால், லைன் நின்றது. போய்ப் பார்த்தேன். தனலட்சுமி அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் மணிக்கட்டு வரை கம்பி வலைக் கையுறை சரியாகத்தான் போட்டிருந்தார். மழுங்கின கத்தியை முழு பலத்தோடு அழுத்தியிருக்கிறார், எலும்பில் வழுக்கி, கையுறையைத் தாண்டி, மணிக்கட்டுக்கு மேலே இறங்கிவிட்டது. கூர்மையான கத்தி என்றால் அந்த அழுத்தமே தேவைப்பட்டிருக்காது. சேலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நரம்பைத் தைத்தார்கள். ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை. முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கத்தி அலமாரியில இருக்குது. ரத்தக் கறையோட கமிட்டி முன்னாடி வெக்க முடியாதும்மா. சுத்தம் பண்ணி, ஒரு பாலிஷ் போட்டுக் கொண்டாந்துருங்க."

கொண்டுபோனேன். வழக்கம்போலச் சாணையில் இரண்டு பக்கமும் கொடுத்தேன். முனையில் நீலம் வந்தது. அந்த முறை அதைக் கறை என்று நான் நினைக்கவில்லை. என்னவென்று தெரிந்தே பார்த்தேன், தெரிந்தே துணிச் சக்கரத்தில் கொடுத்தேன். போய்விட்டது. இதை நான் எங்கும் எழுதியதில்லை. உங்களுக்கு எழுதுகிறேன், ஏனென்றால் அந்தச் சக்கரத்தின் முன்னால் ஒருநாள் உங்களையும் நிறுத்துவார்கள்.

விசாரணை அறையில் மேனேஜர், மனிதவளப் பிரிவு அதிகாரி, தொழிலாளர் பக்கம் இருவர், தனலட்சுமி அக்கா, நான். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் கத்தியை எடுத்தார். மேஜையில் கிடந்த ஒரு தாளை ஒரே இழுப்பில் அறுத்தார். அதிகாரி தலையாட்டினார். எழுதி வைத்திருந்ததை எனக்கு முன்னால் தள்ளினார்கள்: கத்தி நல்ல நிலையில் இருந்தது, பணியாளரின் கவனக்குறைவே காரணம். கத்தி அறைப் பொறுப்பாளர் கையெழுத்து இங்கே.

அதிகாரி ஒரு முறைக்காக அக்காவிடம் கேட்டார். "நீங்க ஏதாவது சொல்லணுங்களாம்மா?"

அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்காகக் காத்திருந்தேன். திட்டினால் எதிர்த்துப் பேசலாம், கோபத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அவர் சொன்னார்: "கத்தியில குத்தஞ் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க. அம்மிணி தீட்டுனா நல்லாத்தான் இருக்கும், படிச்ச புள்ளை. எனக்குத்தான் ஸ்டீல்ல தேய்க்கத் தெரியாதுங்க. அம்மிணியே அன்னைக்குச் சொல்லுச்சு. ஊட்டுல கூட அருவாமனையில பழகிப் பாத்தேன். கை வரலீங்க."

ஒன்பது வருடம் தெரிந்த வேலையைத் தெரியாது என்று அவர் நம்பியிருந்தார். நான் ஒரு சிரிப்பைத் தாங்க முடியாமல் சொன்ன வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய், அரிவாள்மனையை வைத்துப் பழகியிருக்கிறார். பேனா என் கையில் இருந்தது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். எழுந்தேன், கத்தி அறைக்குப் போனேன், ஒரு அரத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மேனேஜர், "எங்கம்மா போறீங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று பின்னால் சொன்னது கேட்டது.

அரத்தால் முதலில் கத்தியின் பிடிக்கு அருகில் இழுத்தேன். அந்தப் பக்கம் சாணையில் அதிகம் படாது, எஃகின் கடினம் அப்படியே இருக்கும். அரம் வேண்டா வெறுப்பாக நகர்ந்தது, கிறீச்சென்று சத்தம் மட்டும் வந்தது. பிறகு முனைப் பக்கம் இழுத்தேன். சத்தமே இல்லை. சோப்பைச் சீவுவது போலப் போனது. வெள்ளைத் தாளின் மேல் இரும்புத்தூள் விழுந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார்.

"இந்த முனை வெந்துபோன இரும்பு, சார். நான்தான் சாணையில எரிச்சேன். நேத்தும் எரிச்சேன். எரிஞ்ச நிறம் தெரியக் கூடாதுன்னு பாலிஷ் போட்டேன். எல்லாக் கத்தியும் இப்படித்தான் இருக்குது. அக்காவுக்கு ஸ்டீல்ல தேய்க்க நல்லாத் தெரியும். வெந்த இரும்பை யாராலயும் ஸ்டீல்ல தேய்ச்சுக் கூராக்க முடியாது."

மேனேஜர் முகம் சிவந்தது. "காலேஜ் பாடத்தையெல்லாம் இங்க வந்து ஒப்பிக்காதீங்க. பேப்பரு அறுக்குதில்ல?"

"அவங்க பேப்பர் அறுக்கல, சார்."

தொழிலாளர் பக்கம் இருந்த ஒருவர் முதல் முறையாக வாயைத் திறந்தார். லைனிலிருந்து இன்னும் ரெண்டு கத்தி கொண்டுவரச் சொன்னார். அவற்றிலும் அரம் அப்படியே போனது. அதற்கு மேல் பேச்சு நீளவில்லை. கவனக்குறைவு என்ற வார்த்தையை அடித்துவிட்டு, கத்திக் குறைபாடு என்று எழுதினார்கள். தனலட்சுமி அக்காவுக்கு மூன்றாவது எச்சரிக்கை விழவில்லை, எழுத்தில் எச்சரிக்கை எனக்கு வந்தது. கேன்டீன் வாசலில் இருந்த போட்டோவை யாரோ கிழித்திருந்தார்கள். என்னை யாராவது தைரியசாலி என்று சொன்னால் எனக்கு இப்போதும் கெட்ட கோபம் வரும். முந்தின நாள் அதே கையால்தான் பாலிஷ் போட்டேன்.

அன்றைக்கே கூடை கழுவும் இடத்துக்குப் போனேன். மாரியப்பன் அண்ணன் ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, கத்தி எரியறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. மொத வாரமே பாத்தனே. முனையெல்லாம் மயில் கழுத்தாட்டம் மின்னுச்சு."

"ஏன் சொல்லல?"

அவர் கூடையைக் கவிழ்த்தார். "போட்டோ ஒட்டுனப்ப என்னைய ஆராச்சும் கேட்டாங்களா?"

"அந்தக்கா கை போயிடுச்சுண்ணே."

"அதுக்கு நானென்ன பண்ணட்டும் சாமி. என்னைய எடுத்துட்டு நீ நின்ன எடம் அது."

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய சண்டை என்னோடு. கத்தி தனலட்சுமி அக்கா கையில் இருந்தது. கையால் தீட்டத் தெரிந்தவருக்கு, தெரிந்ததை வாயைத் திறந்து சொல்லத் தெரியவில்லை. படித்த எனக்கு, படித்ததைக் கண்ணால் பார்த்தும் ஏற்கத் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண்ணின் விரல்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்லைத் தூக்கிப் போடலாமா? அடுத்த சில மாதங்கள் அந்த அறையில் நான் செய்தது அதற்கான சோதனை மட்டும்தான். ஒரே வகைக் கத்தி, மூன்று விதமாகத் தீட்டி, லைனில் கொடுத்து, அறுப்பவர்களே எப்போது மழுங்கியது என்று சொல்ல வேண்டும். உலர்ந்த வேகச் சக்கரத்தில் தீட்டியது முதல் டீக்கு முன்பே செத்தது. கல்லில் ஒழுங்காகத் தீட்டியது மதியச் சாப்பாடு வரை நின்றது. ஆனால் கல்லில் தீட்டுகிறவர் களைத்துப்போனால் கடைசி இருபது கத்தி கோணம் கெட்டு வரும், வேண்டியவர் வேண்டாதவர் பார்த்தால் அதுவும் கெடும். தண்ணீரில் நனைந்தபடி மெதுவாகச் சுற்றுகிற சக்கரம் ஒன்றை அலைந்து வாங்க வைத்தேன். அதில் தீட்டி, கடைசியாகக் கல்லில் பிசிறு எடுத்தது கல்லுக்குச் சமமாக நின்றது, நேரம் பாதி. அதனால் மிஷின் மீது எனக்குக் கோபமில்லை, கல் மீது பக்தியும் இல்லை. ஒன்றரை மணி நேரம் என்று யாராவது எழுதி ஒட்டினால் கிழித்துப் போடுங்கள். விளிம்பில் நிறம் தெரிந்தால் அந்தக் கத்தியைத் தனியே எடுத்துவையுங்கள், பாலிஷ் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அறுப்பவர் மழுங்குகிறது என்று சொன்னால் மழுங்குகிறது. அதற்கு மேல் அதில் விவாதம் கிடையாது.

இதை எழுதும்போது உங்கள் வீடியோவை மறுபடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கத்தியின் முனையில், கைதட்டல் கேட்கிற இடத்தில், விரல் நகம் அளவுக்கு நீலம் தெரிகிறது. அந்தக் கத்தி இப்போது யார் கையில் இருக்கிறது என்று இதைப் படித்த உடனே போய்ப் பாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நான் அந்த ஆலையை விட்டுக் கிளம்பிய நாளில் பேக்கிங் பிரிவுக்குப் போனேன். தனலட்சுமி அக்காவை லைனுக்குத் திரும்ப எடுக்கவில்லை, இடது கையால் தொடையைப் பிடிக்க முடியாது. அட்டைப் பெட்டிகளை வெட்டி மடிக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். மடங்காத ஆள்காட்டி விரல் நேராக நீட்டியபடி இருக்க, மற்ற விரல்களால் அட்டையை அமுக்கிப் பிடித்து, வலது கையில் இருந்த சின்னக் கத்தியால் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"கெளம்பிட்டீங்களா அம்மிணி?"

"ஆமாங்கக்கா. போயிட்டு வாரேன். கை எப்படி இருக்குது?"

"இருக்குது." அறுபட்ட அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"இப்பத்தான் அம்மிணி, நெசமாலுமே பேப்பர் அறுக்கறேன்."